துலூஸ் நகரை விட்டுப் போகாத விஞ்ஞானி: போல் சபாட்டியே

உயர்தர வகுப்பில் சேதன இரசாயனம் படிக்கும் எந்த மாணவிக்கும் இந்தத் தாக்கம் மனப்பாடமாக இருக்கும். எதீனுடன் ஐதரசன் சேர்ந்து எதேன் உண்டாகிறது. நடுவில் ஓர் அம்புக்குறி போட்டு, அதன் மேல் நிக்கல் என்று எழுதுகிறோம். எழுதாமல் விட்டால் புள்ளி குறையும்.

அம்புக்குறியின் மேல் நிற்கும் அந்த நிக்கல் தாக்கியும் அல்ல, விளைவும் அல்ல. அது ஊக்கி. அது இருந்தால் தாக்கம் விரைவாக நடக்கிறது. தாக்கம் முடிந்த பின்னரும் அது தீர்ந்து போவதில்லை. அந்த இடத்தில் நிக்கலைக் கொண்டுவந்து வைத்தவர் பிரான்ஸ் நாட்டு இரசாயனவியலாளர் போல் சபாட்டியே. இன்று டீசலில் இருந்து கந்தகம் நீக்கப்படுவதும், தொழிற்சாலைகளில் ஐதரசன் உற்பத்தி செய்யப்படுவதும் உலோகங்களைக் கொண்ட ஊக்கிகளாலேயே நடைபெறுகின்றன. அந்த வழியை அகலத் திறந்து வைத்தவர்களில் இவர் முதன்மையானவர்.

அவர் எதைக் கண்டுபிடித்தார் என்பதோடு, எந்த ஊரில் இருந்து கண்டுபிடித்தார் என்பதையும் இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன். தலைநகருக்கு வெளியே இருந்து விஞ்ஞானம் படிக்கும் எனக்கு இரண்டாவது விடயமும் முதலாவதைப் போலவே முக்கியமாகப் படுகிறது.

சபாட்டியே 1854 நவம்பர் 5 ஆம் திகதி தென் பிரான்சின் கார்க்கசோன் நகரில் பிறந்தார். சிறு வயதில் அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்களில் அவருடைய மூத்த சகோதரியும் ஒருவர். எங்கள் வழக்கில் சொன்னால் அவருடைய ராத்தா. தம்பிக்கு உதவுவதற்காகவே அந்தப் பெண் இலத்தீன் மொழியையும் கணிதத்தையும் தானே முயன்று கற்றார். அக்காலத்துப் பிரான்சில் பெண் பிள்ளைகளுக்கென்று அரச இடைநிலைப் பாடசாலைகள் இருக்கவில்லை. அவற்றை அமைப்பதற்கான சட்டம் 1880 இல்தான் வந்தது. அதே 1880 இல் தம்பி கலாநிதிப் பட்டம் பெற்றார். இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது என் மனம் சற்றுக் கனத்தது. கற்பதற்குப் பாடசாலை இல்லாத ஒரு பெண், நோபல் பரிசு பெறப்போகும் ஒருவருக்கு ஆசிரியையாக இருந்திருக்கிறார்.

அவருடைய மாமா ஒருவர் ஆசிரியர். அவர் துலூஸ் நகருக்கு மாற்றம் பெற்றபோது சிறுவனும் அவருடன் அங்கு சென்றான். அந்நகரில் பொதுமக்களுக்காக நடத்தப்பட்ட பௌதிகவியல், இரசாயனவியல் விரிவுரைகளைக் கேட்டதில்தான் விஞ்ஞானத்தின் மீது அவருக்கு நாட்டம் பிறந்தது. 1874 இல் பாரிஸ் நகரின் மிகப் பெரிய இரண்டு உயர்கல்வி நிறுவனங்களில் ஒரே நேரத்தில் அனுமதி கிடைத்தது. அவர் எக்கோல் நோர்மல் சுப்பீரியர் நிறுவனத்தைத் தெரிவு செய்தார். 1877 இல் தேர்ச்சி பெற்று, ஒரு வருடம் நீம் நகரில் பாடசாலை ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர் மீண்டும் பாரிஸ் சென்று, அக்காலத்தில் பிரெஞ்சு இரசாயனவியலின் பெருந்தலைவராக விளங்கிய பெர்த்தலோவின் உதவியாளராக இருந்து கலாநிதிப் பட்ட ஆய்வை முடித்தார். போர்டோவில் ஒரு வருடம் கற்பித்த பின் 1882 இல் துலூஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1884 இல், முப்பது வயதில், அங்கே இரசாயனவியல் பேராசிரியரானார். அதற்குப் பிறகு அவர் வேறெங்கும் நிரந்தரமாகச் செல்லவில்லை.

அவருடைய பெரும் பணியை விளங்கிக்கொள்ள, அன்று ஊக்கிகளைப் பற்றி என்ன தெரிந்திருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். 1823 இல் ஜேர்மனியரான டோபரைனர், பிளாற்றினத் தூளின் மேல் ஐதரசனைச் செலுத்தினால் அது தானாகவே தீப்பற்றுவதைக் கண்டார். 1835 இல் சுவீடன் நாட்டவரான பெர்சீலியஸ் இவ்வகை நிகழ்வுகளுக்கு ஊக்கல் என்ற பொதுப் பெயரைக் கொடுத்தார். பெயர் கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை. உலோகம் பஞ்சு போல வாயுக்களை உறிஞ்சிக்கொள்கிறது, அந்த நெருக்கத்திலும் வெப்பத்திலும் தாக்கம் நடக்கிறது என்பதே பலருடைய கருத்தாக இருந்தது. பிளாற்றினத்தின் உதவியுடன் எதீனில் ஐதரசனைச் சேர்க்க முடியும் என்பதும் தெரிந்திருந்தது. ஆனால் பிளாற்றினம் மிக விலை உயர்ந்த உலோகம். அதைக் கொண்டு ஆய்வுகூடத்தில் வியப்பூட்டலாம். தொழில் நடத்துவது கடினம்.

1890 இல் லுட்விக் மொண்ட் என்பவரும் அவருடைய உதவியாளர்களும் ஒரு புதுமையைக் கண்டனர். நுண்ணிய நிக்கல் தூளின் மேல் காபனோரொட்சைட்டைச் செலுத்தியபோது, உலோகமும் வாயுவும் சேர்ந்து ஆவியாகக்கூடிய ஒரு சேர்வை உண்டானது. திண்ம உலோகம் வாயுவோடு கைகோர்த்துப் பறப்பதைப் போன்ற விந்தை இது. நிக்கல் ஒரு வாயுவுடன் இப்படிச் சேருமானால் மற்ற வாயுக்களுடன் ஏன் சேராது என்று சபாட்டியே சிந்திக்கத் தொடங்கினார்.

அவர் அசற்றலீன் வாயுவைக் கொண்டு சோதிக்க எண்ணியிருந்த வேளையில், 1896 இல், பாரிஸின் புகழ்பெற்ற இரசாயனவியலாளர்களான முவாசானும் மூரூவும் அதே பரிசோதனையைச் செய்துவிட்டனர். நிக்கல் செந்தணலாக ஒளிர்ந்தது, கரி படிந்தது, வாயு வெளியேறியது. வெளியேறியது பெரும்பாலும் ஐதரசன் என்று அவர்கள் கருதி, அத்துடன் நிறுத்திக்கொண்டனர். இந்த இடத்தில் சபாட்டியேயின் பண்பு தெரிகிறது. மற்றவர் தொட்ட வேலைக்குள் அவர் உடனே நுழையவில்லை. அவர்கள் அந்த ஆய்வைத் தொடரப் போகிறார்களா என்று முதலில் விசாரித்தார். தொடரும் எண்ணம் இல்லை என்று அறிந்த பின்னரே தம் வேலையைத் தொடங்கினார்.

இதில் அவருக்குத் துணையாக நின்றவர் ஜோன் பத்தீஸ்து செந்தரன்ஸ். அவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். துலூஸின் கத்தோலிக்க நிறுவனத்தில் இரசாயனவியல் கற்பித்தவர். 1897 இல் இருவரும் அசற்றலீனுக்குப் பதிலாக எதீனை எடுத்து, சுமார் 300 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் புதிதாகத் தயாரித்த நிக்கலின் மேல் செலுத்தினர். முன்பு போலவே கரி படிந்தது. ஆனால் வெளிவந்த வாயுவை அவர்கள் ஊகத்துக்கு விடாமல் பகுத்துப் பார்த்தனர். அதில் எதேன் நிறைய இருந்தது.

எதேன் எங்கிருந்து வந்தது? எதீனின் ஒரு பகுதி கரியாகவும் ஐதரசனாகவும் பிரிந்திருக்க வேண்டும். அந்த ஐதரசனை நிக்கல் வாங்கி, எஞ்சிய எதீனிடம் கொடுத்திருக்க வேண்டும். இந்த ஊகத்தைச் சரிபார்க்க, எதீனையும் ஐதரசனையும் கலந்து நிக்கலின் மேல் செலுத்தினர். மிகக் குறைந்த வெப்பத்திலேயே எதேன் கிடைத்தது. மலிவான ஓர் உலோகம் பிளாற்றினத்தின் வேலையைச் செய்துவிட்டது. பாரிஸ் ஆய்வாளர்களின் கையிலும் இதே நிக்கல் இருந்தது. வெளியே வந்த வாயு என்னவென்று பொறுமையாகப் பார்த்ததே துலூஸ் ஆய்வாளர்களை வேறுபடுத்தியது.

அடுத்து அவர்கள் பென்சீனைக் கையில் எடுத்தனர். ஐதரசனை எளிதில் ஏற்காத பிடிவாதமான மூலக்கூறு அது. 1901 இல் பென்சீன் ஆவியையும் ஐதரசனையும் சுமார் 180 முதல் 200 பாகை வரையில் நிக்கலின் மேல் செலுத்தியபோது சைக்கிளோஎட்சேன் கிடைத்தது. 1902 இல் காபனோரொட்சைட்டையும் காபனீரொட்சைட்டையும் ஐதரசனுடன் சேர்த்து மெதேன் ஆக்கினர். கரியமில வாயுவில் இருந்து எரிபொருள் என்று இதை எளிமையாகச் சொல்லலாம். இத்தாக்கம் இன்றும் சபாட்டியே தாக்கம் என்றே அழைக்கப்படுகிறது.

அசற்றலீனையும் ஐதரசனையும் நிக்கலின் மேல் செலுத்தி, பெற்றோலியத்தை ஒத்த திரவங்களையும் அவர்கள் பெற்றனர். பூமிக்கடியில் மசகு எண்ணெய் இப்படித்தான் உண்டாகியிருக்கலாம் என்று சபாட்டியே ஒரு கொள்கையை முன்வைத்தார். மசகு எண்ணெய் பண்டைய உயிரினங்களின் எச்சங்களில் இருந்து உண்டானது என்பதே இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கம். அவருடைய கொள்கை நிலைக்கவில்லை, பரிசோதனை நிலைத்தது.

ஊக்கி எவ்வாறு வேலை செய்கிறது என்பதற்கு அவர் கொடுத்த விளக்கமே அவருடைய மிகப் பெரிய கொடை என்று நான் நினைக்கிறேன். உலோகம் வெறும் பஞ்சு அல்ல. அது தன் மேற்பரப்பில் தாக்கியுடன் ஒரு தற்காலிகச் சேர்வையை உண்டாக்குகிறது, அந்தச் சேர்வை உடைந்து விளைவைக் கொடுத்துவிட்டு உலோகத்தை விடுவிக்கிறது என்றார் அவர். அந்தப் பிணைப்பு மிகத் தளர்வாக இருந்தால் தாக்கம் தொடங்காது. மிக இறுக்கமாக இருந்தால் விளைவு மேற்பரப்பை விட்டு நீங்காது. நடுத்தரமான பிணைப்பே நல்ல ஊக்கிக்கு அடையாளம். இன்று இது சபாட்டியே தத்துவம் எனப்படுகிறது. ஊக்கிக்கு நஞ்சு உண்டு என்பதையும் அவர் வலியுறுத்தினார். மிகச் சிறிதளவு கந்தகம் கலந்தாலும் நிக்கல் செயலிழந்துவிடும். அதனால் வாயுக்களையும் திரவங்களையும் தூய்மைப்படுத்துவதில் அவர் கடுமையாக இருந்தார்.

அவருக்கு நான்கு பிள்ளைகள், நால்வரும் பெண்கள். மனைவி காலமான பின்னர் அவர் மறுமணம் செய்யவில்லை. 1905 இல் விஞ்ஞான பீடத்தின் பீடாதிபதியாகி, இருபது வருடங்களுக்கு மேல் அப்பொறுப்பில் இருந்தார். அவருடைய முயற்சியால் இரசாயனவியல், மின்பொறியியல், விவசாயம் ஆகிய துறைகளுக்கான நிறுவனங்கள் துலூஸில் உருவாகின.

1907 இல் பெரிய அழைப்புகள் வந்தன. முவாசானும் பெர்த்தலோவும் அடுத்தடுத்துக் காலமாகியிருந்தனர். அவர்கள் பாரிஸில் வகித்த பேராசிரியர் இடங்கள் சபாட்டியேயைத் தேடி வந்தன. அவர் இரண்டையும் ஏற்கவில்லை. அந்த மறுப்புக்கு ஒரு விலை இருந்தது. பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தில் முழு உறுப்பினராக வேண்டுமானால் பாரிஸில் வசிக்க வேண்டும் என்பது அன்றைய விதி. எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பாளராயினும் வெளிமாவட்டத்தவர் வாசலில்தான் நிற்க வேண்டும்.

1912 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு சபாட்டியேக்கும் விக்டர் கிரினியாருக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது. கிரினியாரும் அப்போது பாரிஸுக்கு வெளியே நான்சி நகரில் பணியாற்றியவர். அடுத்த வருடமே, 1913 இல், விஞ்ஞானக் கழகம் பாரிஸுக்கு வெளியே வசிப்போருக்கென்று ஆறு இடங்களைப் புதிதாக ஏற்படுத்தியது. அவற்றுக்கு முதலாவதாகத் தெரிவு செய்யப்பட்டவர் சபாட்டியே. அவர் விதிக்காக ஊரை மாற்றவில்லை. கடைசியில் விதிதான் மாறியது.

இந்த மகிழ்ச்சியில் ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நிக்கல் ஆய்வுகளின் தொடக்க வருடங்களில் வெளிவந்த கட்டுரைகளில் சபாட்டியே, செந்தரன்ஸ் என்ற இரு பெயர்களும் சேர்ந்தே இருந்தன. 1905 இல் விஞ்ஞானக் கழகத்தின் ஜெக்கர் பரிசும் இருவருக்கும் சேர்த்தே கிடைத்தது. நோபல் பரிசில் மட்டும் செந்தரன்ஸுக்கு இடமில்லாமற் போனது. தம்பிக்குக் கற்பித்த ராத்தாவையும், குழாயின் பக்கத்தில் நின்ற செந்தரன்ஸையும் விட்டுவிட்டுச் சபாட்டியேயின் கதையைச் சொன்னால் அது பாதிக் கதையாகவே இருக்கும்.

அவர் எழுதிய ஊக்கல் பற்றிய பெருநூல் 1913 இல் வெளியாகியது. அதற்கு முன்னரே தொழில் உலகம் நிக்கலைப் பிடித்துக்கொண்டது. ஜேர்மனியரான நோர்மன் திரவ எண்ணெய்களில் ஐதரசனைச் சேர்த்துக் கட்டியான கொழுப்பாக்கும் முறைக்கு 1902 இல் உரிமம் பெற்றார். மாஜரின் தொழில் இதனால் வளர்ந்தது.

எரிபொருள் துறையில் உலோக ஊக்கிகளின் ஆட்சி இன்னும் பெரிது. மசகு எண்ணெயில் இயற்கையாகவே கந்தகம் உண்டு. அதை நீக்காமல் எரித்தால் நச்சு வாயு காற்றில் கலக்கும். சுத்திகரிப்பு நிலையங்களில் கோபால்ற்றும் மொலிப்டினமும் கலந்த ஊக்கியின் மேல், உயர் அமுக்கத்தில், எண்ணெயையும் ஐதரசனையும் செலுத்துகிறார்கள். கந்தகம் ஐதரசனுடன் சேர்ந்து வாயுவாகப் பிரிகிறது. சபாட்டியேயின் நிக்கலுக்கு நஞ்சாக இருந்த கந்தகத்தை விரட்டுவதற்கும், கந்தகத்தைத் தாங்கக்கூடிய உலோக ஊக்கிகளே உதவுகின்றன. பெற்றோலின் தரத்தை உயர்த்தப் பிளாற்றினம் பயன்படுகிறது. 1949 முதல் தொழில்முறையில் நடைபெறும் அந்த முறையில் ஐதரசனும் உபவிளைவாகக் கிடைக்கிறது. 1969 முதல் எங்கள் நாட்டின் சப்புகஸ்கந்தையில் மசகு எண்ணெய் சுத்திகரிக்கப்படுகிறது. அந்தக் கோபுரங்களைத் தூரத்தில் காணும்போது, உள்ளே நடப்பது வெறும் காய்ச்சி வடித்தல் மட்டுமல்ல என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் வேண்டிய ஐதரசன் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் இயற்கை வாயுவில் இருந்துதான். மெதேனையும் நீராவியையும் 800 பாகைக்கும் மேற்பட்ட வெப்பத்தில் நிக்கலின் மேல் செலுத்தினால் காபனோரொட்சைட்டும் ஐதரசனும் கிடைக்கின்றன. சபாட்டியே 1902 இல் செய்ததன் மறுதலைத் தாக்கம் இது. ஊக்கி முன்தாக்கத்தையும் பின்தாக்கத்தையும் ஒன்றுபோல விரைவாக்கும் என்று சமநிலைப் பாடத்தில் படிக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. குறைந்த வெப்பத்தில் மெதேன். மிகுந்த வெப்பத்தில் ஐதரசன். இரண்டுக்கும் அதே நிக்கல்.

ஆனால் இந்த வழியில் ஒரு கிலோகிராம் ஐதரசன் பெறும்போது ஏறத்தாழ 9 முதல் 10 கிலோகிராம் வரை காபனீரொட்சைட்டு வெளியாகிறது. ஆகவே சூரிய ஒளி, காற்று ஆகியவற்றின் மின்சாரத்தால் நீரைப் பகுத்து ஐதரசன் பெறும் ஆய்வுகள் உலகெங்கும் நடைபெறுகின்றன. அங்கும் சபாட்டியே தத்துவமே வழிகாட்டி. ஈயம் ஐதரசனை மிகத் தளர்வாகப் பிடிக்கிறது. தங்குதன் மிக இறுக்கமாகப் பிடிக்கிறது. பிளாற்றினம் நடுவில் நிற்கிறது. அதனால்தான் அது சிறந்தது. பிளாற்றினத்தைப் போல நடுவில் நிற்கும் மலிவான உலோகக் கலவை எது என்பதே இன்றைய ஆய்வாளர்களின் தேடல். துலூஸில் அன்று எழுந்த கேள்வியும் ஏறக்குறைய இதுதான். சர்வதேச விண்வெளி நிலையத்திலும் 2010 இல் ஒரு சபாட்டியே சாதனம் பொருத்தப்பட்டது. விண்வெளி வீரர்கள் வெளிவிடும் காபனீரொட்சைட்டை ஐதரசனுடன் சேர்த்து, அது நீரை மீட்டுக் கொடுத்தது.

ஓய்வுபெற்ற பின்னரும் விரிவுரைகளைத் தொடர்ந்த சபாட்டியே, 1941 ஆகஸ்ட் 14 ஆம் திகதி, தம் 86 ஆவது வயதில், அதே துலூஸில் காலமானார். பிற்காலத்தில் அந்நகரின் விஞ்ஞானப் பல்கலைக்கழகத்துக்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டது.

இந்த வாழ்க்கையை இரண்டு விதமாகப் பிழையாக விளங்கிக்கொள்ளலாம். கொழும்புக்குப் போனால்தான் ஏதாவது சாதிக்கலாம் என்பது எங்களைப் போன்ற மாணவிகளின் எண்ணம். சபாட்டியே பேராசிரியராகி முதல் பதின்மூன்று வருடங்கள் பெரும் புகழ் இல்லாமலே உழைத்து, பிறகு தம் ஊரில் இருந்தே நோபல் பரிசு வரை சென்றதை நாங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். ஆகவே பெண் பிள்ளை வீட்டருகிலேயே இருந்தால் போதும் என்று சில வாப்பாமாரும் உம்மாமாரும் எண்ணக்கூடும். அவர்களுக்கு நான் மரியாதையோடு சொல்வது இதுதான்: சபாட்டியே துலூஸிலேயே இருந்துவிட்டவர் அல்லர், பாரிஸ் போய், கற்கவேண்டியதைக் கற்று, விரும்பித் திரும்பி வந்தவர். போவதற்கு வழி இருந்தவருக்குத்தான் திரும்பி வருவது ஒரு தெரிவாகும். அவருடைய ராத்தாவுக்கு அந்தத் தெரிவு இருக்கவில்லை.

எங்களுக்குப் பாடசாலை இருக்கிறது, ஆய்வுகூடம் இருக்கிறது, பல்கலைக்கழக வாசலும் திறந்திருக்கிறது. தூர இடத்துப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீடம் கிடைத்தால் எங்களை அனுப்பி வையுங்கள். படித்து முடித்த பின் எங்களில் சிலராவது இந்த ஊருக்கே ஆசிரியைகளாக, ஆய்வாளர்களாகத் திரும்பி வருவோம். அடுத்த தலைமுறை மாணவிகளுக்கு அம்புக்குறியின் மேல் நிக்கல் என்று எழுதக் கற்பிப்பதோடு நின்றுவிடாமல், அதை அங்கே வைத்தவர் யார், அவருக்குக் கற்பித்தவர் யார் என்பதையும் சொல்லிக்கொடுப்போம்.